திரையில் வைத்த பொட்டு

ஒரு நிறுவனத்தின் ஆன்மா அதன் டேஷ்போர்டில் குடியிருக்கிறது என்பார் கிரைண்டர் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து. ஆயுதபூஜையன்று, கம்பெனிக் கணக்கையெல்லாம் எண்களாகக் காட்டும் திரையாக ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த அந்த ஆன்மாவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பழுதாகித் திரும்பி வந்த கிரைண்டர்களின் எண்ணிக்கை மேலேயே பொட்டு விழுந்தது. தினமும் அந்தத் திரையைப் பராமரிக்கும் சுகந்தி பதறினாள். எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. தீபாவளிச் சரக்கோ வெள்ளிக்கிழமை லாரி ஏறுகிறது.

“சார், பொட்டைத் துடைச்சுடட்டுங்களா?”

“சாமிக்கு வச்சத அழிப்பாங்களா அம்மிணி?”

அவள் அந்த எண்ணைத் திரையின் நடுவுக்கு நகர்த்தி, பெரிதாக்கி, சிவப்பாக்கினாள். மறுநாள் காலை முதலாளி வந்தார், திரையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“நடுவுல இன்னொரு பொட்டு வச்சியாக்கும்? நல்லா இருக்குது.”

“அது நம்பருங்க சார். திரும்பி வந்தது நூத்திப் பன்னெண்டு.”

அவர் போய்க் கதவைச் சாத்தினார். “லாரிய நிறுத்தச் சொல்லு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மத்ததையும் வாசி அம்மிணி” என்றார்.

கண்ணாடி போட வெட்கப்பட்டு, மூன்று வருடங்களாக அந்தத் திரையில் அவர் ஓர் எண்ணைக்கூடப் படித்ததில்லை.