வாசகருக்குத் தெரிந்தது

“மகன் செத்தது அந்தத் தாய்க்கு மட்டும் இன்னும் தெரியாது” என்றாள் சாரங்கி. டேனிஷ் மொழியில் அதைச் சொல்லும்போது, பார்வையாளராகப் பின்னால் கதிரையில் இருந்த அப்பாவைப் பார்க்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

ஆசிரியை எமிலியா தலையசைத்தார். மேசையில் கிடந்தது ஒரு பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய புத்தகம். நடந்த உண்மையை நாவலைப்போல எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கவேண்டும். அதுதான் அவளுடைய கடைசி வாய்மொழிச் சோதனை.

“வாசகருக்கு முதலே தெரியும். தாயோ மகனுக்குப் பிடித்த சாப்பாட்டை அடுப்பில் வைக்கிறாள். அங்கேதான் எழுத்தாளர் எங்களைத் தவிக்கவிடுகிறார்.”

அந்தத் தவிப்பைப் புத்தகம் அவளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வன்னியில் போர் முடிந்தபோது காணாமற்போன சித்தப்பா உயிரோடு இல்லை என்று லண்டனில் இருக்கும் அத்தை மகள் முந்தாநாள் சொல்லியிருந்தாள். அப்பா பாலேந்திரா போன மாரிக் குளிரில்தான் இருதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மனிதர். தம்பி என்றால் அவருக்கு உயிர். அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்லவேண்டும் என்று சாரங்கி வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலையிலும் ஒரு கண்டம் வந்தது. எந்தச் சோதனைக்கும் முதலில் கோயில் என்பது பாலேந்திராவின் சட்டம். சாவுத் துடக்கோடு எப்படிக் கோயில் படி மிதிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்க, “நேரம் போச்சு, கோயிலைப் பிறகு பாப்பம்” என்று அவரே காரை எடுத்துவிட்டார். தப்பினேன் என்று நினைத்தாள்.

“எழுத்தாளர் தாயிடம் அதை மறைப்பது நியாயமா?” என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த பரீட்சகர்.

சாரங்கி புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். “மறைக்கவில்லை. அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கிறார்.”

பரீட்சகர் எதையோ குறித்துக்கொண்டார்.

அதிகூடிய புள்ளி கிடைத்தது. வெளியே மற்றப் பெற்றோர் கொடி அசைத்துக் கூச்சலிட, பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அணியும் வெள்ளைத் தொப்பியைப் பாலேந்திரா மகளின் தலையில் வைத்தார். தொப்பியை நேராக்கிய கையை அவர் எடுக்கவேயில்லை. இதற்குமேல் மறைத்துவைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்பா, உங்களிட்டை ஒண்டு கதைக்கோணும்.”

“கொஞ்சம் பொறு, பிள்ளை” என்றார் அவர். “சோதனை முடியட்டுமெண்டுதான் அம்மாவும் நானும் உனக்குச் சொல்லேல்லை. சித்தப்பா உயிரோட இல்லையாம், மோசம்போயிட்டார்.”