பயணம் சொல்லாத வீடு

"பத்துமலையை மொத நாளே போட்டுடு," என்றாள் ஷஹர்பானு. "ஏர்போர்ட்லேந்து நேரா போயிடுங்க. உச்சி வெயில்ல படி ஏறினாத்தான் கூட்டம் இருக்காது."

அஃப்ஸானா நம்பிவிட்டாள். மூத்த ஓரகத்தி எதைச் சொன்னாலும் நம்புகிற பெண் அவள். சொன்னதை அப்படியே போனில் தட்டி, கணவன் உவைஸுக்கு அனுப்பினாள்.

கோலாலம்பூருக்கு அடுத்த வாரம் விமானம்.

கோவளத்தில் அந்தத் தெருவிலிருந்து துபாய்க்கும் சவூதிக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய. ஊர் சுற்றிப் பார்க்கவென்றே குடும்பத்தோடு கிளம்புவது உவைஸ் வீடுதான் முதல். அதை நினைத்தாலே ஷஹர்பானுவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் வைக்க அவள் மெனக்கெடவில்லை.

அவள் கணவன் சௌகத் அலி, உவைஸின் அண்ணன். மாமல்லபுரம் கடற்கரையில் சிப்பிச் சாமான் கடை வைத்திருக்கிறார். எந்தெந்த நாட்டுக்காரனோ வந்து அவரிடம் சங்கு வாங்கிக்கொண்டு போகிறான். மகளைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. உம்ராவுக்கென்று எடுத்த பாஸ்போர்ட் இரண்டிலும் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை. ஷஹர்பானு விமானத்துக்கு மிக அருகில் போனது மீனம்பாக்கம் வாசல்வரைதான், அதுவும் யாரையோ ஹஜ்ஜுக்கு வழியனுப்ப.

ஒரு மாதமாக மத்தியானச் சோறு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் யூடியூபில் கோலாலம்பூரைத்தான் பார்க்கிறாள். வயிற்றெரிச்சலில் பார்க்கத் தொடங்கியது. இப்போது எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்குவது என்பதுவரை அத்துப்படி.

அஃப்ஸானாவுக்கு இரட்டைக் கோபுரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. தினமும் சாயங்காலம் அக்காவிடம் யோசனை கேட்க வந்துவிடுவாள்.

மலைக்குப் போகிற கேபிள் கார்?

"தல சுத்தும். உன் பொண்ணு இனாயா வாந்தி எடுப்பா."

பெரிய மீன் காட்சி ஒன்று இருக்கிறதாமே?

"கடலை வாசல்ல வெச்சுகினு மீன் பாக்க டிக்கெட் எடுப்பாங்களா?"

அஃப்ஸானா சிரித்துக்கொண்டே அதையும் பட்டியலிலிருந்து அடித்தாள். பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். "இது ரொம்ப அழகா கீதுக்கா. ஏரி ஓரமா ரோஸ் கலர்ல பள்ளிவாசல். காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடலாமாம்."

ஷஹர்பானு எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மத்தியானங்களில் அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதே அந்தப் பள்ளிவாசலைத்தான். தண்ணீரில் அதன் நிழலை முதல் தடவை பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்திருக்கிறது. அதன் முன்னால் அஃப்ஸானா நின்று செல்ஃபி எடுப்பதை நினைத்துப் பார்த்தாள். தாங்கவில்லை.

"நம்மூர்ல இல்லாத பள்ளியா? அன்னிக்கு பெரிய கடை எதுக்காச்சும் போய் ஏசில உக்காருங்க."

அதுவும் உவைஸுக்குப் போயிற்று. ஷஹர்பானுவுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் ஆறவே இல்லை.

பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வது இங்கே வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அஃப்ஸானா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஜாக்குலின் டீச்சர் வீட்டில் சொன்னாள். கூடையில் மீன் கொண்டுவருகிற சந்திரம்மாவிடம்கூடச் சொன்னாள். இந்த வீட்டில் மட்டும் தினமும் உட்கார்ந்து டீ குடிக்கிறாளே ஒழிய, அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு அஃப்ஸானா எழுந்தபோது ஷஹர்பானுவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"சந்திரம்மாக்கே பயணம் சொல்லிட்ட. நான் இன்னாடி பாவம் பண்ணேன்? எனக்குச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரலியா?"

குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கே அவமானமாக இருந்தது.

அஃப்ஸானா திருதிருவென்று விழித்தாள்.

"கூட வர்றவங்ககிட்ட யாராச்சும் பயணம் சொல்லுவாங்களாக்கா?"

ஷஹர்பானுவுக்கு விளங்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே டிக்கெட் போட்டுது? பெரிய மச்சான் அப்பவே பாஸ்போர்ட்ட குடுத்துட்டாரே. அக்கா மொத மொத வெளிநாடு வர்றாங்க, எல்லாம் அவங்க ஆசப்படியே போடுன்னு இவரு சொல்லிகினே கீறாரு. அதான் தினம் வந்து உங்களக் கேக்கறேன்."

கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் சௌகத் அலி. இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் சொல்லல?" என்றார்.

அஃப்ஸானாவின் போனில் செய்தி வந்து விழுந்தது. அவள் சந்தோஷமாகப் படித்துக்காட்டினாள். அண்ணி சொன்னபடியே பள்ளிவாசலை எடுத்துவிட்டு அன்றைக்குக் கடைக்குப் போக வண்டி பேசியாயிற்றாம். பத்துமலைக்கு முதல் நாளே, உச்சி வேளைக்கே வண்டி வந்துவிடுமாம்.

ஷஹர்பானு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பச்சைப் பிள்ளை மாதிரி எதிரே நிற்கிறாள் அஃப்ஸானா. பொறுத்துக்கொள் என்று இப்போது கேட்க வேண்டியவள் தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"ஃப்ளைட்டுல ஜன்னல் சீட்டு உனக்கா, எனக்கா?" என்றாள்.