விளிம்பில் ஒரு கோடு
நண்பகலிலும் நுண்ணோக்கி அறை இருட்டாகவே இருக்கிறது. காலையிலிருந்து திரையையே பார்த்திருக்கும் ஆய்வாளரான தங்கைக்குக் கண் எரிகிறது. அக்கா மகளின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. வைட்டமினை உள்ளே ஏற்றிவிட வேண்டிய புரதம் செல்லின் விளிம்புக்கு வராமல், சாயம் ஏற்றியதில் நடுவிலேயே பச்சைத் திட்டாக ஒளிர்ந்தபடி முடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் குழந்தையின் காலில் வலுவில்லை. மூன்று மருந்துகள் கைவிரித்துவிட்டன. நான்காவதைச் செல்களில் சேர்த்து ஒரு மணி நேரமாகிறது. அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்க்கிறாள். பிறகு கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் துவண்டிருக்கும் அக்காவைக் கூப்பிடுகிறாள். “என் கண்ணையே நம்ப முடியலக்கா. என்ன தெரியுதுன்னு நீ சொல்லு.” அக்கா மூக்கு திரையில் உரசக் குனிகிறாள். “எல்லாம் நடுவுலதான் பச்சையா இருக்கு.” அவள் விரல் நகர்ந்து ஒரு செல்லின் மேல் நிற்கிறது. “இந்த ஒண்ணுல மட்டும் ஓரத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு ஓடுதுடி.” தங்கை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அக்காவின் இடுப்பில் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள்.