மூன்றாவது கோலுக்குக் காரணம்

ஆன்லைன் கால்பந்து மேலாளர் விளையாட்டில் இந்திய அணி நேபாளத்திடம் மூன்று கோல் வாங்கித் தோற்ற மறுநாள், மேலாளர் வெளியிட்ட அலசலை ஊரே படித்தது. வியாசர்பாடியில் ரோஸ்லினும் படித்தாள். கோல்கீப்பர் எட்வின் அவளுடைய கணவன்.

இப்போதெல்லாம் யாரும் மைதானத்தில் இறங்குவதில்லை. வீரர்கள் கையில் கட்டியிருக்கும் பட்டை அவர்களுடைய உடம்பை அன்றாடம் அளந்து, அவர்கள் இருக்கும் இடத்தோடு சேர்த்து அனுப்பும். திரையில் ஆடுவது அந்த உடம்புதான்; அதைத் தேற்றத்தான் தினமும் பயிற்சி.

‘மூன்றாவது கோல் நேராகக் கீப்பர் கைக்கு வந்த பந்து. அதையும் விட்டுவிட்டார்’ என்று எழுதியிருந்தார் மேலாளர். ‘நான்கு மாதமாகத் தினமும் மாலை நான்கு மணிக்கு இவர் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அப்போதெல்லாம் நாடித்துடிப்பு தாறுமாறாகிவிடுகிறது. முன்பே கவனிக்காதது என் தவறு. இனி இவர் அணியில் இல்லை.’

நான்கு மாதத்துக்கு முன்புதான் அவர்களுடைய ஏழு மாதக் குழந்தை மெர்லினை அங்கே புதைத்தார்கள். எட்வின் அழவேயில்லை.

“நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா? ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா உனக்கு?” என்று அன்று கத்தியவள்தான். அதன்பிறகு ரோஸ்லின் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

மாலை மூன்றரை மணி ஆகிவிட்டது. அணியிலிருந்து தூக்கியது தெரிந்தும் எட்வின் வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு, “பிராக்டீஸுக்குப் போய்ட்டு வரேன்” என்றான்.

ரோஸ்லின் எழுந்து வந்து அவன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“இருய்யா, நானும் வரேன்.”