ஹெப்கேட்

வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த கீர்த்தனனை மாமியார் யோகா மறித்தார்.

“எங்க வெளிக்கிட்டிட்டியள், தம்பி?”

“பரமட்டாவுக்கு மாமி. ஸ்விங் டான்ஸ் ஆடுற ஹோலுக்கு.”

“என்ர பிள்ளை செத்து ஒரு வருசமாகேல்ல, ஆட்டத்திவசம் இன்னும் முடியேல்ல. அதுக்குள்ள உங்களுக்கு ஆட்டம் கேக்குதோ?”

“எனக்கு ஆடத் தெரியாது மாமி. இண்டைக்கு ஒரு ஹெப்கேட்டுக்கு விழா.”

“அதென்ன சாமான்?”

“ஜாஸ் பாட்டு இரத்தத்தில ஊறின ஆக்களை அங்க அப்பிடித்தான் கூப்பிடுவினம்.”

“ஆம்பிளையோ, பொம்பிளையோ?”

“பொம்பிளை.”

“வடிவோ?”

“சரியான வடிவு.”

யோகா செருப்பை மாட்டினார். “நானும் வாறன். அவளின்ர மூஞ்சையை ஒருக்காப் பாக்கவேணும்.”

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் இருந்த பெரிய படத்தின் திரையை விலக்கினார்கள். படத்தில் பாவாடை சுழல, வாய்விட்டுச் சிரித்தபடி ஆடிக்கொண்டிருந்தாள் சயந்தினி, யோகாவின் மகள்.

“ஹெப்கேட்!” என்று கூவிக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

“உங்களுக்குப் பயத்தில, ஓவர்டைம் எண்டு சொல்லிப்போட்டு இங்கதான் வாறவள், மாமி,” என்றான் கீர்த்தனன்.

யோகா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கான பதக்கத்தை வாங்க வீட்டாரை மேடைக்கு அழைத்தார்கள். கீர்த்தனன் எழுந்தான். யோகா அவன் கையைப் பிடித்து இருத்திவிட்டு, சேலையை உதறிச் சரிசெய்தார்.

“நீங்கள் இருங்கோ, தம்பி. ஹெப்கேட்டைப் பெத்தவள் நான்.”