வெளி ஓட்டோ

"இவ்வளவு நேரமும் என்னை வெயிலுக்கை நிக்க விட்டிட்டு எங்கையப்பா போனனீங்கள்?"

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெடுந்தீவுப் படகில் வந்த பெண் ஒருத்தி, நீல ஓட்டோ ஒன்றின் முன்னால் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். நயினாதீவுக்குப் போக வந்த இரண்டு வெள்ளைக்காரரை இறக்கிவிட்டு, அப்போதுதான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார் அந்த ஓட்டோக்காரர். அவர் வாய் திறப்பதற்குள் அவள் துணிப்பையைப் பின்சீற்றில் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"பொறுங்கோ, பொறுங்கோ!" சசிகரன் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றான். இறங்குதுறை ஓட்டோச் சங்கத்தின் தலைவன் அவன். "வெளி ஓட்டோ இஞ்ச ஆக்களை இறக்கலாம். ஏத்த ஏலாது. தெரியாதோ?"

"நான் இவரின்ர மனுசி."

சசிகரன் சிரித்தான். "பத்து நிமிசத்துக்கு முதல் யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவெண்டு என்னட்டைத்தானே கேட்டனீங்கள்?"

"கேட்டனான். இவர் வந்து சேராட்டில் நான் நடந்தே போறது? நீங்கள் ஏழாயிரம் எண்டியள். மகளுக்கு நாலு மணிக்கு ஒப்பரேசன், தாய் வந்து கையெழுத்து வைக்க வேணுமெண்டு பெரியாஸ்பத்திரியில பாத்துக்கொண்டிருக்கினம் எண்டும் சொன்னனான். அதுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"படகால இறங்கிற எல்லாரும் ஒவ்வொரு கதையோடதான் வருகினம்" என்று சசிகரன் அப்போது சொன்னதைப் பக்கத்தில் நின்ற சங்கத்து ஓட்டோக்காரன் லியோனும் கேட்டிருந்தான். லியோனுக்கு மனம் பொறுக்கவில்லை. நாலாயிரத்துக்குத் தான் போவதாகச் சொல்லிப் பார்த்தான். "போவன். பிறகு ஒரு மாசத்துக்கு உனக்கு முறை இல்லை" என்று சசிகரன் சொன்னதும் பேசாமல் தன் வண்டிக்குள் போய் இருந்துவிட்டான்.

சங்கத்தில் பதினாலு வண்டிகள். படகு பிந்தி வந்ததால் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது மூன்றரைக்குத்தான். பஸ் இல்லாத நேரத்தில் பதினாலு பேரிடமும் ஒரே விலைதான்.

"அக்கா, எங்களையும் யோசியுங்கோ," என்றான் சசிகரன். "வெள்ளைக்காரர் டவுனிலயே ஓட்டோ பேசிக்கொண்டு வருகினம். வந்த ஓட்டோவே திரும்பேக்கையும் ஆள் ஏத்தினா நாங்கள் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? போன கிழமையும் ஒருத்தன் மச்சாள் எண்டு சொல்லித்தான் ஒரு பொம்பிளையை ஏத்திக்கொண்டு போனவன்."

பிறகு ஓட்டோக்காரர் பக்கம் திரும்பினான். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. இவ உங்கட மனுசியோ?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் அவளை ஒருதரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "இந்த வாயைப் பாத்துமோ கேக்கிறியள்? வேணுமெண்டால் நீங்களே வைச்சிருங்கோ. நான் போறன்."

சுற்றி நின்ற ஓட்டோக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சசிகரன் சிரிக்கவில்லை.

"சரி. பிள்ளையள் எத்தினை?"

"ரெண்டு," என்றார் ஓட்டோக்காரர்.

"மூண்டு," என்றாள் அவள்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. சிரிப்பு நின்றது. சசிகரன் எட்டி, சாவித் துவாரத்திலிருந்து வண்டித் திறப்பை உருவி எடுத்தான்.

"பாத்தியளே! நல்ல புருசன் பெண்சாதி! இறங்குங்கோ அக்கா."

அவள் இறங்கினாள். ஆனால் சசிகரனைப் பார்க்கவில்லை. ஓட்டோக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சற்றுமுன் துறை முழுக்கக் கேட்ட குரல் இப்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"ரெண்டோ? வீட்டில இருக்கிறது ரெண்டுதான். மூத்தவன் செத்து நாலு வருசம். காய்ச்சல்தானே, விடியட்டும் எண்டு வைச்சிருந்து, பிந்திக் கொண்டுபோனதாலதான் அவன் போனவன். கேக்கிற ஆக்களுக்கு நீங்கள் ரெண்டெண்டு சொல்லலாம். பெத்த எனக்கு வாய் வருகுதில்லை."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சசிகரன் கையிலிருந்த திறப்பை ஒருதரம் பார்த்தான். பிறகு அதை ஓட்டோக்காரரின் உள்ளங்கையில் வைத்தான்.

"போங்கோ அண்ணை. அக்கா, கோவியாதேங்கோ. நாங்களும் பிள்ளை குட்டிக்காரர்தான்."

லியோன் தன் வண்டியைப் பின்னால் எடுத்து வழி விட்டான்.

நீல ஓட்டோ புங்குடுதீவைக் கடந்து, கடலுக்கு நடுவே போகும் பாலத்தில் ஏறியது. பின்சீற்றில் அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். வேலணை வரைக்கும் ஓட்டோக்காரர் வண்டியை விரட்டிக்கொண்டு போனார். வேலணை தாண்டியதும் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அழாதையும் தங்கச்சி. மூண்டரைக்கு முதல் ஆஸ்பத்திரி வாசலில விடுவன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "உம்மட பேர் என்ன?"

"நிமலினி," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் என்ர மனுசன் எண்டது மட்டும்தான் அண்ணை பொய்."