விட்டுப்போன ஒரு காரணம்

“கண்ணு மஞ்சள், குளிர் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழ வலி. மூணும் சேந்து வந்தா என்னாங்க?” என்று கேட்டாள் சாந்தினி.

“பித்தக் குழாயில அடைப்பு. அதுல கிருமி பூந்துருச்சி. உடனே ஆஸ்பத்திரியில சேக்கணும்,” என்றார் கனகராஜ், ரொட்டி சானாயைப் பிய்த்தபடி.

“கணையம் கெட்டுப் போனா வலி எப்படி இருக்கும்?”

“மேல் வயித்துல ஆரம்பிச்சு முதுகுக்குப் போவும். இப்படிக் குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் கொறையும்.” சொல்லிக்கொண்டே மேசைமேல் குனிந்து காட்டினார்.

ஈப்போவில் மருத்துவமனைக்கு எதிரே இருந்தது நவமணியின் பசியாறும் கடை. சுங்காய் ஊரிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்ததால் பரீட்சைக்கு இன்னும் நேரம் இருந்தது. சாந்தினி கைப்பேசியில் அடுத்த கேள்வியைத் தேடினாள்.

பல மாதங்களாக இப்படித்தான். வேலை முடிந்து வந்து குளித்ததும் கனகராஜ் படிக்க உட்கார்ந்துவிடுவார். கல்லீரல், கணையம், பித்தப்பை என்று எதையும் விடவில்லை. இவ்வளவும் எதற்கு என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“ஒரு கேள்விய எதுக்காகக் கேக்குறாங்கனு புரிஞ்சாதானே ஒழுங்கா பதில் சொல்ல முடியும்?” என்றார்.

அதற்குப் பிறகு அவளும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இந்த மனிதரை இப்படி அண்ணாந்து பார்த்தது இப்போதுதான் என்று அவளுக்குத் தோன்றும். சொன்னதில்லை.

நவமணி கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். “அண்ணே, போன வருசமும் பரீட்சைனுதானே வந்தீங்க? இந்த வயசுல இப்படிப் படிக்க மனசு வரணும்லா. நான்லாம் மூணாம் பாரத்தோட பள்ளிக்கூடத்த விட்டு ஓடியாந்துட்டேன். டாக்டரு ஆயிட்டா நம்ம கடைய மறந்துறாதீங்க!”

கனகராஜ் சிரித்ததோடு சரி.

“கல்லீரல் சுருங்கிப் போறதுக்கு என்னென்ன காரணம்?” சாந்தினி விடவில்லை.

“பி வகைக் கிருமி. சி வகைக் கிருமி. கொழுப்பு சேர்றது. செல மருந்துங்க. அப்புறம், நம்ம ஒடம்பே நம்ம கல்லீரலத் தாக்குற நோய்.”

நிறுத்திக்கொண்டார்.

“ஒண்ணு விட்டுட்டீங்க.”

அவர் கோப்பிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்லீரலையும் கெடுக்கும், கணையத்தையும் கெடுக்கும். எது?”

சாலையில் ஒரு பேருந்து போனது. அவர் ரொட்டியை இன்னும் சின்னதாகப் பிய்த்தார்.

“அட, குடிதான்! இது எனக்கே தெரியுதேலா!” பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நவமணி சிரித்தாள்.

சாந்தினி சிரிக்கவில்லை. “அவருக்கும் தெரியும்க்கா.”

நவமணி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

“போன வருசம் இந்த ஒரு கேள்வியிலதான் எல்லாம் போச்சு,” என்றாள் சாந்தினி, குரலைத் தாழ்த்தி.

“ம்.”

“இன்னிக்கும் கேப்பாங்க. எவ்வளவு, எத்தன வருசம்னுலாம் தோண்டுவாங்க.”

“தெரியும். வாயில வர மாட்டேங்குதே சாந்தினி.”

“அப்ப வாங்க, வீட்டுக்குப் போலாம். வரலன்னு போன் பண்ணிச் சொல்லிடுறேன். யாரும் உங்களக் கட்டாயப்படுத்தலியே.”

அவர் தலையை ஆட்டினார். “வேணாம். இப்படியே திரும்பிப் போனா போன வருசம் நடந்தது அப்படியே நின்னுடும்.”

ரொட்டி ஆறியது. எதிரே, மருத்துவமனை வாசலில் வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் கூட்டமாக நின்று கடைசி நேரத்தில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். கனகராஜ் அவளையே பார்த்தார்.

“குடி,” என்றார்.

காற்றுப்போல வந்தது அந்தச் சொல். பிறகு நிமிர்ந்து, அடுப்படி வரைக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார். “குடிதான். கள்ளு, சம்சு, பீரு, எல்லாந்தான்.”

சாந்தினி எழுந்து, புதுச் சட்டையின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துவிட்டாள்.

“பாஸுதான், போங்க,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மருத்துவமனையில் பரீட்சை மணி அடித்தது. ஒரு மாணவி தடுப்புத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

“வணக்கம் ஐயா. இன்னிக்கி எனக்குப் பரீட்சை. உங்க நோயப் பத்திக் கொஞ்சம் கேக்கலாமா?”

போன வருஷம் இதே கட்டிலில் படுத்துக்கொண்டு, மகள் வயதுப் பெண்ணிடம் சொல்ல வெட்கப்பட்டு, ‘குடிச்சதே இல்லம்மா’ என்று பரீட்சைக்கு வந்த ஒரு மாணவியை நம்பவைத்து, அவள் தோற்றுப்போய்த் தாழ்வாரத்தில் நின்று அழுததைப் பார்த்த அந்த நோயாளி, மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“பயப்படாம எல்லாத்தையும் கேளும்மா,” என்றார் கனகராஜ். “நானும் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்.”